முதலில் விடுதலை, உங்க விஷயம் அப்புறம்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்கை ஒட்டிய சோவெட்டோ என்ற கறுப்பர் குடியிருப்பில் 1957 நவம்பரில் பிறந்த ஒரு பையன். போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் அம்மாவையும் அம்மாவின் கணவரையும் துணி அலமாரிக்குள் போகச் சொல்லி, வெளியே பூட்டிவிட்டு, வாசலுக்குப் போய் ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் திருடவும் இல்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. அந்த இடத்தில் குடியிருக்க அனுமதிக் காகிதம் இல்லை, அவ்வளவுதான். நிறவெறி ஆட்சியில் ஒரு கறுப்பர் எந்த ஊரில் படுத்துத் தூங்கலாம் என்பதற்குக்கூட அரசாங்க முத்திரை வேண்டும்.

அந்தப் பையன் சைமன் என்கோலி. வளர்ந்த பிறகு தன் கதையைச் சொல்லும்போது இந்த அலமாரியை அவர் விட்டதே இல்லை. கறுப்பன் என்று ஒளிந்ததும், ஆண்களை விரும்புகிறவன் என்று ஒளிந்ததும் தனக்கு ஒரே அலமாரிதான் என்பார். இந்த நாட்டில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இன்று சட்டத்தில் உள்ள இடத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் நீதிபதிகளிடமிருந்து ஆரம்பிப்பார்கள். நான் என்கோலியிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த நீதிபதிகள் தீர்ப்பு எழுதும் நாள் வருவதற்கு முன்னால் யாரோ ஒருவர் சிறைக்குள் உட்கார்ந்து சக கைதிகளிடம் வாதாட வேண்டியிருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருச்சிப் பக்கம் பிறந்தவன். கணினி வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தேன். லெனேசியாவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருடைய முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் கப்பல் இறங்கி, கரும்புக் காட்டில் காலம் தள்ளி, பிறகு வேலை தேடி, ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்கு வந்தவர்கள். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடும். லெனேசியா சோவெட்டோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியர்களை இங்கே, கறுப்பர்களை அங்கே என்று கோடு போட்டு ஒதுக்கியதால் வந்த பக்கத்து வீடு அது. பல வருஷங்களுக்கு இரண்டு பக்கமும் ஒருவர் சாப்பாட்டை ஒருவர் சாப்பிட்டதில்லை.

என்கோலியின் சின்ன வயது ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பண்ணை ஒன்றில் தாத்தா பாட்டியோடு கழிந்தது. வெள்ளைக்காரர் நிலத்தில் பிழைத்த குடும்பம். படிக்க வேண்டும் என்ற ஆசையில் அம்மாவிடம் திரும்பிவந்தார். அவர்கள் குடியேறிய செபோகெங், ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே வால் ஆற்றுப் பக்கம் உள்ள கறுப்பர் குடியிருப்பு. இருபது வயது வாக்கில் தன்னைப் பற்றி அம்மாவிடம் சொன்னார். பிறகு நடந்தது நம் ஊரில் நடப்பதுதான். சங்கோமா என்று அழைக்கப்படும் நாட்டு வைத்தியர்களிடம் அம்மா அழைத்துப் போனார். பாதிரியாரிடம் அழைத்துப் போனார். மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போனார். சங்கோமா இருக்கும் இடத்தில் பூசாரியைப் போட்டால் இது எங்கள் பக்கத்துக் கதையேதான். என்னையும் ஒரு அம்மன் கோயிலில் மந்திரித்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் வாங்கிய காசு வீண் என்று என் அம்மா பின்னாளில் சிரித்தார். சிரிக்கும் வரை வந்தாரே என்பது எனக்குப் பெரிய விஷயம்.

என்கோலியின் காதலர் ஒரு வெள்ளைக்காரர், பஸ் ஓட்டுநர். இரண்டு ஆண்கள் என்பது ஒரு குற்றம், இரண்டு நிறம் என்பது இன்னொரு குற்றம். நிறம் கலந்த உறவைத் தடுத்த சட்டப்பிரிவு 1985இல்தான் போனது. ஆண்களுக்கு இடையிலான உறவைத் தடுத்தது அதற்கப்புறமும் இருந்தது. அதில் 1969இல் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. ‘விருந்தில்’ ஓர் ஆண் இன்னோர் ஆணோடு காம இச்சையைத் தூண்டும் எந்தச் செயலும் செய்யக்கூடாது. சரி, விருந்து என்றால் என்ன? இரண்டு பேருக்கு மேல் இருந்தால் விருந்து. சோறு, சாம்பார் எதுவும் தேவையில்லை, மூன்றாவதாக ஒரு ஆள் போதும். கதவைத் திறந்து விளக்கைப் போட்ட போலீஸ் அதிகாரியையும் சேர்த்து எண்ணினால் விருந்து ஆகுமா என்பதை ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. ஆகாது என்று சொன்னார்கள், நல்லவேளை.

என்கோலி முதலில் மாணவர் போராளி. கோசாஸ் என்ற மாணவர் பேரவையின் டிரான்ஸ்வால் பகுதிச் செயலாளராக இருந்தார். அவர் ஆண்களை விரும்புகிறவர் என்று தெரிந்ததும் அவர் பதவியில் நீடிக்கலாமா என்று பேரவைக்குள் விவாதம் நடந்தது. நீடிக்கலாம் என்று பெரும்பாலோர் ஓட்டுப் போட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், பிள்ளைகள் போலீஸ் குண்டுக்குப் பயந்துகொண்டே நடத்திய ஓர் அமைப்பில் இது நடந்திருக்கிறது. நம் பெரிய பெரிய முற்போக்கு அமைப்புகள் இதைப் பற்றிக் கூட்டம் போட எத்தனை காலம் எடுத்துக்கொண்டன என்று யோசித்துப் பாருங்கள்.

1983இல் தென்னாப்பிரிக்க கே சங்கத்தில் சேர்ந்தார். அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கூடுகிற இடங்கள் பலவும் வெள்ளையருக்கு மட்டுமானவை. நாங்கள் அரசியல் பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்ட சங்கம். கறுப்பருக்கு நுழைவில்லாத மதுக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவதில்லை என்று சொல்வது எவ்வளவு சௌகரியம்! என்கோலி கறுப்பர் செய்தித்தாள் ஒன்றில் தன் பெயரோடு பேட்டி கொடுத்தார். அதைப் பார்த்துத் தேடிவந்தவர்களைச் சேர்த்து 1984இல் ‘சனிக்கிழமைக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார்.

அதே 1984 செப்டம்பரில் வால் பகுதி பற்றியெரிந்தது. வீட்டு வாடகை உயர்வை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி, துப்பாக்கிச் சூடு, சாவு, இறுதி ஊர்வலம், மறுபடியும் துப்பாக்கிச் சூடு. ஓர் இறுதி ஊர்வலத்தை ஒட்டி என்கோலி கைதானார். விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். பிறகு நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியின் தலைவர்கள் உட்பட 22 பேர் மீது தேசத்துரோக வழக்கு. ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே உள்ள டெல்மாஸ் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் நடந்ததால் டெல்மாஸ் வழக்கு என்று பெயர். குற்றம் நிரூபணமானால் தூக்கு வரை போகலாம்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். சிறைக்குள் தன்னைப் பற்றிச் சக கைதிகளிடம் சொன்னார். சலசலப்பு எழுந்தது. இவனால் நம் வழக்கு கெட்டுவிடும், அரசுத் தரப்பு இதை வைத்து நம் எல்லாரையும் கேவலப்படுத்தும், இவனைத் தனியாக விசாரிக்கச் சொல்லலாம் என்றெல்லாம் பேச்சு. கெட்ட மனிதர்கள் இல்லை அவர்கள். தூக்குக் கயிறு தலைக்கு மேல் தொங்கும்போது யாருக்கும் பயம் வரும். அவர்கள் கேட்டதைத் தமிழில் சொன்னால் எல்லா வீட்டிலும் கேட்ட வார்த்தைதான்: இப்ப இது தேவையா? முதலில் விடுதலை வரட்டும், உங்க விஷயம் அப்புறம்.

என்கோலி ஒத்துக்கொள்ளவில்லை. கறுப்பன் என்பதாலும் ஒடுக்கப்படுகிறேன், தன்பாலீர்ப்பாளன் என்பதாலும் ஒடுக்கப்படுகிறேன், போராடும்போது இரண்டுக்கும் எதிராகத்தான் போராடுவேன் என்பதுதான் அவர் பிறகு மேடை மேடையாகச் சொன்னது. அதை முதலில் சொல்லிப் பழகிய இடம் சிறை. அங்கே ஒரே அறையில் சாப்பிட்டுத் தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் அவர்கள் ஒன்றாகவே வழக்கைச் சந்தித்தார்கள். வெள்ளைக்காரர்களின் கே சங்கமோ தன் உறுப்பினர் சிறையில் இருப்பதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்காகக் குரல் கொடுத்தது கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த முன்பின் பார்க்காத மனிதர்கள். கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் உடனிருந்த சிலருக்கு, இவன் பின்னால் ஓர் உலகமே இருக்கிறது என்று உறைத்தது. கண்டுகொள்ளாத சங்கம் 1987இல் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டது.

அதே வருஷம் லண்டனில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் மூத்த தலைவர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று தனி உரிமை எதற்கு என்ற தொனியில் பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, பின்னாளில் ஜனாதிபதியான தாபோ எம்பெகி, கட்சி அவர்கள் உரிமையையும் காக்கும் என்று கடிதம் எழுதினார். நாடு கடந்து வாழ்ந்த கட்சிக்கு வெளியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. நாட்டுக்குள் அதே கேள்வியை என்கோலி தன் உடம்பாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். 1987இல் ஜாமீன் கிடைத்தது. 1988 நவம்பரில் தீர்ப்பு. என்கோலி விடுதலை. சிலருக்குச் சிறைத் தண்டனை, அதுவும் அடுத்த வருஷக் கடைசியில் மேல்முறையீட்டில் ரத்தானது.

வழக்கு முடியும் முன்பே, 1988இல், க்ளோ என்ற தன்பாலீர்ப்பாளர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். கறுப்பர், வெள்ளையர் என்று பாராமல் எல்லாரும் சேரலாம், ஆனால் வேர் சோவெட்டோவிலும் குவாதேமா என்ற இன்னொரு கறுப்பர் குடியிருப்பிலும். 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்கில் ஊர்வலம் போனார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பிரைடு ஊர்வலம் என்று அதைச் சொல்கிறார்கள். சுமார் 800 பேர், மழை வேறு. முகம் தெரியக்கூடாது என்று நினைத்தவர்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டார்கள், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஊர்வலம் கிளம்பிய இடம் பிராம்ஃபொன்டெய்ன்.

பிராம்ஃபொன்டெய்ன் என்றதும் இங்குள்ள தமிழர்களுக்கு வேறொன்று நினைவு வரும். அங்கே உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறார். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அவரைப் படித்தவர்கள் பலருக்கும் அவர் தில்லையாடியைப் பார்த்ததே இல்லை என்பது தெரியாது. பிறந்தது ஜோகன்னஸ்பர்க், இறந்ததும் இங்கேயே, 1914 பிப்ரவரியில், சிறையில் பிடித்த காய்ச்சலால். அப்போது வயது 16. இந்தியாவிலிருந்து விருந்தினர் வந்தால் தமிழ் அமைப்புக்காரர்கள் முதலில் அழைத்துப் போவது அந்தக் கல்லறைக்குத்தான். மாலை போடுவோம், படம் எடுப்போம்.

வள்ளியம்மை ஏன் சிறை போனார் என்று கேட்டால், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரி என்பார்கள். அது பாதிதான். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் சேர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்புக் கொடுத்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். ஒரே நாளில் இங்கிருந்த இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சட்டத்தின் கண்ணில் மனைவிகள் இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கேள்விக்குறி. தாலி கட்டி, அரிசி போட்டு, ஊரே சாப்பிட்டுப் போன கல்யாணத்தை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, இது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அதுவரை ஆண்கள் மட்டும் சிறை போன காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியது அந்தக் கோபத்தில். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்ன பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 1914 சட்டத்தில் வரி போனது, திருமணங்களுக்கும் ஓரளவு வழி பிறந்தது.

ஆகவே இந்த நாட்டுத் தமிழர்களுக்கு, அரசு கல்யாணத்தை ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கொள்ளுப்பாட்டி ஜெயிலுக்குப் போனதே அதற்குத்தான். ஆனால் என் கல்யாணப் பேச்சு வந்தபோது லெனேசியாவில் ஒரு பெரியவர், ‘சட்டம் ஒத்துக்கிட்டா மட்டும் கல்யாணம் ஆயிடுமா?’ என்று கேட்டார். சேர்ல் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்கிறீர்களே ஐயா என்றேன். அவர் சேர்ல் யார் என்று கேட்டார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மனசு மாறினாரா என்றால் இல்லை, ஆனால் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டார்.

எங்களை முதலில் போன ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே பாலினத் திருமணத்துக்கு 2006இல் வந்த சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மனசாட்சி இடம் தரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அரசாங்கத் திருமண அதிகாரி ஒருவர் ஒரே பாலின ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைக்காமல் விலகிக்கொள்ளலாம். 2020இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். நாங்கள் அதற்கு முன்னாலேயே போய் மாட்டிக்கொண்டோம். வேறொரு அலுவலகத்தில் சோத்தோ மொழி பேசும் ஓர் அம்மாள் கையெழுத்து வாங்கி, மோதிரத்தைச் சரியான விரலில் போடச் சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார். சாட்சிக் கையெழுத்து என் கணவரின் அத்தை.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எண்பதை நெருங்குகிறவர். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதிலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் வரை அவருக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் எதுவும் நடக்காது. அவருக்கு ஒரு தம்பி இருந்தார். என் கணவருக்குச் சித்தப்பா. எண்பதுகளில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஜோகன்னஸ்பர்க் நகருக்குள் இருக்கும் ஹில்ப்ரோவில் போய்த் தங்கியவர். ஹில்ப்ரோ அப்போது வெள்ளையர் பகுதி என்று காகிதத்தில் இருந்தாலும் எல்லா நிறத்தவரும் திருட்டுத்தனமாகக் குடியிருந்த இடம். அடுக்குமாடிகள், இரவுக் கடைகள், யார் யாரோடு போகிறார்கள் என்று கேட்க நேரமில்லாத கூட்டம். லெனேசியாவில் மூச்சு முட்டியவர்களுக்கு அது போதும். எல்லா நிறத்தவரும் ஓட்டுப் போட்ட 1994 முதல் தேர்தலுக்கு முந்தைய குளிர்காலத்தில் சித்தப்பா இறந்தார். சான்றிதழில் நிமோனியா. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு தங்கியிருந்தவர் வந்து வாசலில் நின்றதாகவும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்றும் அத்தை சொன்னார். தான்தான் ஒரு தட்டில் சோறும் கறியும் வைத்து வெளியே கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

1990 ஊர்வலப் படங்களை ஒருநாள் அத்தைக்கு போனில் காட்டினேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். காகிதப் பை மாட்டியவர்கள் வந்ததும், ‘முகமே தெரியலையே மாப்பிள்ளை, இதுல எவன் என்ன சாதின்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?’ என்றார். அப்புறம் அடுப்பில் பிரியாணி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். தம்பியைத் தேடினாரா என்று நான் கேட்கவில்லை.

என்கோலி தனக்கு எச்ஐவி இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன முதல் சில கறுப்பர்களில் ஒருவர். அந்த நோயைப் பற்றிய பேச்சே அவமானமாக இருந்த காலம். நகரத்து வெள்ளைக்கார ஆண்களின் நோய் என்று குடியிருப்புகளில் சொல்லிக்கொண்டிருந்தபோது, இல்லை, இதோ நான் என்று போய் நின்றார். கறுப்பர் குடியிருப்புகளுக்கான டவுன்ஷிப் எய்ட்ஸ் திட்டத்தில் வேலை பார்த்தார். பள்ளி, தேவாலயம், மதுக்கடை என்று போய்ப் பேசினார். இதற்கெல்லாம் அவருக்குக் கிடைத்த சம்பளமும் கைத்தட்டலும் அதிகமில்லை.

இதற்கிடையே சட்டம் மாறிக்கொண்டிருந்தது. 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இடைக்கால அரசியல் சட்டத்தில், பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் பாலீர்ப்பும் இடம் பெற்றது. எந்த நாட்டு அரசியல் சட்டத்திலும் அதற்கு முன் அந்தச் சொல் இருந்ததில்லை. இறுதிச் சட்டத்தில் அது 9ஆம் பிரிவு. மண்டேலா 1996 டிசம்பர் 10 அன்று அதில் கையெழுத்துப் போட்ட இடம் ஷார்ப்வில், செபோகெங்குக்குப் பக்கத்து ஊர். டெல்மாஸ் கைதிகளுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவரான ஆர்தர் சாஸ்கல்சன் புதிய அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தலைவரானார். அந்த நீதிமன்றம் 1998 அக்டோபர் 9 அன்று ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை ரத்து செய்தது. ‘விருந்து’ப் பிரிவும் அன்றைக்கே காலி.

என்கோலி அந்த வருஷம் நவம்பர் 30 அன்று இறந்தார். நாலு நாள் முன்னால்தான் 41 முடிந்திருந்தது. மருந்து உலகத்தில் இருந்தது, இங்கே அரசு மருத்துவமனையில் இல்லை. பத்து நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, கேப் டவுனில் ஸாக்கி ஆக்மட்டும் நண்பர்களும் எய்ட்ஸ் மருந்துக்கான இயக்கத்தைத் தொடங்கினார்கள். என்கோலியின் சாவுதான் ஆக்மட்டைத் தெருவுக்கு இழுத்தது. பிற்பாடு அரசாங்கம் எல்லாருக்கும் மருந்து கொடுக்கும் வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று ஆக்மட் பிடிவாதமாக இருந்ததும், மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு 2001இல் வாபஸ் ஆனதும் தனிக் கதை. சித்தப்பாவுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை.

என்கோலியைத் தெய்வமாக்கி மாலை போட எனக்கு விருப்பமில்லை. க்ளோவில் அவரோடு நின்ற பெவர்லி டிட்ஸி, முதல் ஊர்வலத்தில் பேசியபோது பதின்வயது தாண்டாதவர், 1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐநா பெண்கள் மாநாட்டில் லெஸ்பியன் பெண்களின் உரிமைக்காகப் பேசியவர். இயக்கத்துக்குள்ளேயே பெண்களின் பிரச்சினை பின்னுக்குத் தள்ளப்பட்டதை அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சிறையில் என்கோலியிடம் சொன்ன அதே ‘அப்புறம்’ பெண்களிடமும் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் விலையையும் பெண்கள்தான் கொடுத்தார்கள். க்ளோ வேர்விட்ட அதே குவாதேமாவில், தேசிய அணிக்காக கால்பந்து ஆடிய யூடி சிமெலேன் 2008இல் கொல்லப்பட்டார். லெஸ்பியன் என்று ஊருக்கே தெரிய வாழ்ந்தவர். அரசியல் சட்டத்தில் 9ஆம் பிரிவு வந்து அப்போது பத்து வருஷம் தாண்டியிருந்தது. வெறுப்புக் குற்றங்களுக்கென்று தனிச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட 2024 ஆனது. 2025 பிப்ரவரியில், தன்பாலீர்ப்பாளர்களுக்காகப் பள்ளிவாசல் நடத்திய இமாம் முஹ்ஸின் ஹென்ட்ரிக்ஸை, முன்பு போர்ட் எலிசபெத் என்று அழைத்த க்கெபெர்ஹா நகரில் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

திருமணச் சட்டத்துக்கு வருகிறேன். 2005 டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், ஒரே பாலினத்தவருக்குத் திருமணத்தை மறுப்பது செல்லாது என்று சொல்லி நாடாளுமன்றத்துக்கு ஒரு வருஷம் கெடு வைத்தது. 2006 நவம்பர் 14 அன்று நாடாளுமன்றத்தில் 230க்கு 41 என்று மசோதா நிறைவேறியது. அந்த விவாதத்தில் எழுந்து பேசியவர்களில் ஒருவர் பாதுகாப்பு அமைச்சர் மோசியுவா லெகோட்டா. டெல்மாஸ் வழக்கில் என்கோலியோடு கூண்டில் நின்ற அதே லெகோட்டா. விடுதலைப் போராட்டத்தில் இப்படிப்பட்ட ஆண்களும் பெண்களும் எங்களோடு இருந்தார்கள், சிறைக்கும் போனார்கள், இப்போது அவர்களை எப்படி விட்டுவிடுவது என்ற கருத்தில் பேசினார். சிறை அறையில் நடந்த அந்தச் சண்டை நாடாளுமன்றத்தில் ஓட்டாக மாறப் பதினெட்டு, இருபது வருஷம் பிடித்திருக்கிறது. முஸ்லிம் முறைத் திருமணங்களைச் சட்டம் ஏற்காமல் விட்டது தவறு என்று அதே நீதிமன்றம் சொன்னது 2022இல்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்லின் நிழல் அவ்வளவு நீளம்.

இந்தச் சட்டத்தால்தான் இங்கே நாங்கள் குடும்பம். மருத்துவமனையில் அவருக்காக நான் கையெழுத்துப் போடலாம், வீட்டுக் கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் இறங்கினால் அவர் என் நண்பர். 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை எங்கள் தலையிலிருந்து எடுத்தது. 2023 அக்டோபரில், திருமணத்தை எங்களால் தர முடியாது, நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்றது. வேறு வார்த்தையில், அப்புறம்.

நவி பிள்ளையை நம்மவர்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். டர்பன் கிளேர்வுட்டில் ஒரு தமிழ் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் தொடங்கிய முதல் வெள்ளையரல்லாத பெண்ணாகி, ஐநா மனித உரிமை ஆணையராக உயர்ந்தவர். வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை அவர் படம் வரும். அவர் பதவியில் இருந்தபோதுதான், 2011இல், பாலீர்ப்பின் பேரில் நடக்கும் வன்முறை பற்றி ஐநாவின் முதல் அறிக்கை அவர் அலுவலகத்திலிருந்து வந்தது. 2013 ஜூலையில் கேப் டவுனில் பேராயர் டுட்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கான உலகப் பிரச்சாரத்தைத் தொடங்கிவைத்ததும் அவர்தான். வெறுப்புக் காட்டும் சொர்க்கம் என்றால் எனக்கு வேண்டாம் என்று டுட்டு சொன்னது அந்த மேடையில். வாட்ஸ்அப் படத்தோடு வரும் வாழ்க்கைக் குறிப்பில் இந்த வரிகள் மட்டும் எப்போதும் இருக்காது. யாரோ உட்கார்ந்து கவனமாக வெட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் எங்கள் தமிழ் அமைப்பில் ஒரு யோசனை சொன்னேன். வள்ளியம்மை கல்லறைக்குப் போகும் நாளில் இளைஞர்களுக்கு ஒரு சின்னப் பேச்சு வைக்கலாம், 1913 தீர்ப்பு, பிராம்ஃபொன்டெய்ன் ஊர்வலம், என்கோலி, மூன்றையும் சேர்த்து. அங்கிருந்து கிளம்பி ஹில்ப்ரோவில் அவர் பெயர் வைத்த தெருமுனையையும் பார்த்துவிட்டு வரலாம். பகல் நேரத்தில், கூட்டமாக. கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை. நல்ல விஷயம் தம்பி என்றார் தலைவர். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே சரியாக வரவில்லை, அதை முதலில் பார்ப்போம் என்றார் செயலாளர். பொருளாளர், தீபாவளி விழா முடியட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசுவோம் என்றார்.

பேச்சுக்கென்று எழுதிய குறிப்புகள் கையில் இருந்தன. தீபாவளி வரை வைத்திருப்பானேன் என்று இங்கே போட்டுவிட்டேன்.